பர்னரின் சிவப்பு பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பேக்கரி. கார்த்திகை மழை, விடியற்காலை மூன்றரை மணி, முதல் பன் டிராலி உள்ளே போகவேண்டிய நேரம். டீசல் ஓவன் பிடிக்கவில்லை. அதற்கு நெருப்பு கொடுக்கும் பர்னரில் சிவப்பு விளக்கு எரிகிறது, அந்த விளக்கேதான் பட்டனும். வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத தம்பி அதை அழுத்தினான். ஓடியது, நின்றது. மறுபடி அழுத்தினான், மறுபடி நின்றது. ஐந்தாவதோ ஆறாவதோ முறை பிடித்துக்கொண்டது, ஆனால் டம்மென்று ஒரு சத்தத்தோடு. சிம்னிக் குழாயின் இணைப்பு பிய்ந்து தொங்கியது, மாவு பிசையும் மேசை முழுக்க கரி. அந்த நேரத்தில் பர்னருக்குப் பின்பக்கம் யாரும் நிற்காததால் காயம் இல்லை. நான் ஆறு மணிக்குப் போனபோது அந்தப் பையனுக்குக் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே பதினாறு வருஷமாக இந்த பர்னர் வேலைதான் பார்க்கிறேன். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பட்டன் எதற்கு, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று யாருமே அவனுக்குச் சொல்லவில்லை. பேக்கரி வைத்திருப்பவர்கள், ஹோட்டலில் சுடுநீர் பாய்லர் வைத்திருப்பவர்கள், கடலூர் சிப்காட் பக்கம் எண்ணெய் ஹீட்டர் ஓட்டுபவர்கள், எல்லாரிடமும் இருப்பது ஏறக்குறைய ஒரே மாதிரி இயந்திரம்தான். குளிர் நாடுகளில் இதே பர்னரை வீட்டுக்கு அடியில் வைத்து வீட்டையே சூடாக்குகிறார்கள், நமக்கு அது பன் சுடுகிறது.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். டீசல் திரவமாக இருக்கும்போது எரியாது. எரிவது அதிலிருந்து கிளம்பும் ஆவிதான், அதுவும் காற்றோடு சரியாகக் கலந்தால் மட்டும். அகல் விளக்கில் திரி செய்வது அந்த வேலையைத்தான், எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்து சுடருக்குப் பக்கத்தில் ஆவியாக்குகிறது. பர்னரில் திரி இல்லை. அதற்குப் பதில் எண்ணெயைப் பொடிப்பொடியாக உடைக்கிறோம். ஒரு மில்லி டீசல் ஒரே உருண்டைத் துளியாக இருந்தால் அதன் மேல்பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர். அதையே 50 மைக்ரான், அதாவது 0.05 மில்லிமீட்டர், துளிகளாக உடைத்தால் மொத்த மேல்பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும், கிட்டத்தட்ட 250 மடங்கு. மேல்பரப்பு கூடினால் சூடு வேகமாக ஏறும், ஆவி வேகமாகக் கிளம்பும், கண்ணிமைக்கும் நேரத்தில் பிடிக்கும்.

இந்த உடைக்கும் வேலையைச் செய்வது நாசில், கட்டைவிரல் நுனி அளவுள்ள ஒரு பித்தளை அல்லது ஸ்டீல் துண்டு. அதற்குள் சாய்வாக வெட்டிய மெல்லிய காடிகள் இருக்கும், அவற்றின் வழியாக நுழையும் டீசல் பம்பரம் போலச் சுழன்றுகொண்டே நுனித் துளையிலிருந்து கூம்பாக விரிந்து தெறிக்கும். சிறிய நாசில்களில் அந்தத் துளை சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. பம்ப் ஸ்டவ் வைத்துச் சமைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, அடைத்துக்கொண்டால் பின்னை எடுத்துக் குத்து என்பது கையிலேயே இருக்கும். நாசிலில் அதைச் செய்யவே கூடாது. பின் போகும், அடைப்பும் போகும், கூடவே துளையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழும். அப்புறம் கூம்பு ஒருபக்கம் கோணும், அந்தப் பக்கம் சுடர் சுவரை நக்கும், கரி பிடிக்கும். நாசில் ஒன்றின் விலை ஒரு வேளை டீசல் செலவுகூட ஆகாது. வருஷத்துக்கு ஒருமுறையாவது, நாள் முழுக்க ஓடும் ஓவன் என்றால் அதற்கும் முன்பே, மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது மேலே அச்சடித்த எண்ணைப் பாருங்கள். 1.00 என்று இருந்தால் மணிக்கு ஒரு அமெரிக்கன் காலன், அதாவது 3.8 லிட்டர், அதுவும் 7 பார் அழுத்தத்தில். பல பேக்கரி பர்னர்களில் பம்பை 10 பாருக்கு வைத்திருப்பார்கள், அப்போது அதே நாசில் 4.5 லிட்டருக்கு மேல் தள்ளும். அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் ஓட்டம் கூடும் என்பது கணக்கு. பக்கத்தில் 60 அல்லது 80 என்று இருப்பது கூம்பின் கோணம். கடையில் இருந்தது என்று கோணம் மாற்றி வாங்கிப் போட்டால் சுடர் எரி அறையின் அளவுக்குப் பொருந்தாது.

இப்போது அந்த முதல் சில நொடிகளுக்கு வருவோம். ஸ்விட்சைப் போட்டதும் முதலில் ஓடுவது மோட்டார். ஒரே தண்டில் காற்றாடியும் எண்ணெய் பம்பும் சேர்ந்து சுற்றும், ஆனால் மின்சாரத்தால் திறக்கும் சோலினாய்டு வால்வு மூடியிருப்பதால் டீசல் வெளியே வராது. பத்து பன்னிரண்டு நொடி வெறும் காற்று. உள்ளே மிச்சமிருக்கும் ஆவியைச் சிம்னி வழியாகத் தள்ளிவிடத்தான் இந்த ஏற்பாடு. அதோடு ட்ரான்ஸ்ஃபார்மர் 10,000 வோல்ட்டை இரண்டு எலக்ட்ரோடு நுனிகளுக்கும் அனுப்பும், நடுவே உள்ள 3, 4 மில்லிமீட்டர் இடைவெளியில் பொறி பறக்கும், சர்ரென்று ஒரு சத்தம் காதுக்கே கேட்கும். அதன் பிறகுதான் டக்கென்று சோலினாய்டு திறந்து டீசல் தெறிக்கும். அந்த நொடியிலிருந்து கண்ட்ரோல் பெட்டி எண்ண ஆரம்பிக்கும். போட்டோசெல் என்ற சின்னக் கண் ஒன்று உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறது. 5 முதல் 10 நொடிக்குள் அதற்குச் சுடரின் வெளிச்சம் தெரியவில்லை என்றால் வால்வை மூடி, மோட்டாரை நிறுத்தி, சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். இதுதான் லாக்அவுட்.

ஆக, ஒவ்வொரு முறை பிடிக்காமல் நிற்கும்போதும் உள்ளே எரியாத டீசல் விழுந்திருக்கிறது. மணிக்கு 4.5 லிட்டர் என்றால் நொடிக்கு 1.25 மில்லி, பத்து நொடிக்கு 12 மில்லிக்குக் குறையாது. ஐந்து முறை அழுத்தினால் 60 மில்லி, காபி டம்ளரில் பாதிக்கு மேல். காற்றாடி அதைத் தள்ளிவிடாதா என்று கேட்பீர்கள். ஆவியைத் தள்ளும், ஆனால் எரி அறையின் நெருப்புச் செங்கல் குடித்த டீசலைத் தள்ளாது. முந்தைய நாள் சூடு செங்கலில் இன்னும் இருந்தால் அந்த டீசல் வெள்ளைப் புகையாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், கடைசியில் ஒரு பொறி பறக்கும்போது அறை முழுக்க ஒரே நேரத்தில் பிடிக்கும். முத்தியால்பேட்டையில் நடந்தது அதுதான்.

எனவே லாக்அவுட் ஆனால் ஒரே ஒருமுறை அழுத்திப் பாருங்கள், அதுவும் ஐந்து நிமிஷம் பொறுத்து. பிடிக்கவில்லையா, மெயினை அணையுங்கள், டீசல் வால்வை மூடுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். சிம்னியில் வெள்ளைப் புகை வந்தாலோ, பர்னருக்குக் கீழே டீசல் ஈரம் தெரிந்தாலோ அந்த ஒருமுறைகூட வேண்டாம். சிலர் போட்டோசெல்லைக் கழற்றி டார்ச் லைட்டைக் காட்டி ஓட்டுகிறார்கள். நல்ல கண்ட்ரோல் பெட்டி என்றால் நெருப்பே வராத நேரத்தில் வெளிச்சம் தெரிகிறதே என்று ஓட மறுத்துவிடும். மறுக்காத பழைய பெட்டியாக இருந்தால் சுடர் இல்லாமலேயே டீசல் கொட்டிக்கொண்டிருக்கும், நிறுத்த ஆளே இல்லை. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

அன்று பர்னரைக் கழற்றிப் பார்த்தபோது நாசில் நன்றாகவே இருந்தது. எலக்ட்ரோடின் வெள்ளைப் பீங்கானில் மட்டும் தலைமுடி போல ஒரு விரிசல், அதன் மேல் கரி படிந்து ஒரு கோடு. நகத்தால் தடவினால்தான் தெரியும். மழைக்கால ஈரமும் கடல் காற்றின் உப்பும் அந்தக் கரிக்கோட்டில் ஏறியதால், மின்சாரம் நுனிக்குப் போகாமல் விரிசல் வழியாகவே உலோகக் குழாய்க்கு இறங்கியிருக்கிறது. சத்தம் கேட்கும், ஆனால் பொறி பறக்கவேண்டிய இடத்தில் பறக்காது. திரும்பத் திரும்ப ஓட்டியதில் ஈரம் காய்ந்து ஒருமுறை சரியான இடத்தில் பறந்துவிட்டது. வீட்டுக் கரண்ட்டைவிட நாற்பது மடங்கு அதிகமான வோல்ட்டேஜ் அது, அதனால் பர்னரைத் திறக்கும் முன் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, ட்ரிப்பரையும் இறக்கிவிட்டு மற்றவர்கள் ஏற்றிவிடாதபடி சொல்லி வையுங்கள்.

போட்டோசெல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைக் கூப்பிடும் பலருக்கும் கோளாறு அங்கேதான். அதன் கண்ணாடியில் கரியும் மாவுத் தூசியும் படிந்தால் சுடர் ஜெகஜ்ஜோதியாக எரிந்தாலும் அதற்குத் தெரியாது. மெல்லிய காட்டன் துணியால் மாதம் ஒருமுறை துடைத்தால் போதும். பேக்கரியில் மாவு பறந்துகொண்டே இருக்கும், காற்றாடி அதை உறிஞ்சி இறக்கைகளில் அப்பிக்கொள்ளும், காற்று குறையும், புகை கறுக்கும். பிரஷ் எடுத்து அந்த இறக்கைகளையும் தேய்த்துவிடுங்கள்.

டேங்கில் தண்ணீர் சேருவது நம் கடற்கரையின் தனிப் பிரச்சினை. பகலில் டேங்கின் காலி இடத்தில் ஈரக் காற்று நிறையும், இரவில் குளிர்ந்து சுவரில் வியர்த்து உள்ளே வழியும். டீசல் தண்ணீரைவிட லேசானது, லிட்டருக்கு 830 கிராம் போலத்தான் வரும், எனவே தண்ணீர் அடியில் தங்கிவிடும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஒன்று உண்டாகும், அதுதான் ஃபில்டரை அடைக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததற்குப் பிறகு நான் திறந்த டேங்குகளில் பாதி வெள்ளம் புகுந்தவை. வீட்டிலேயே சோதிக்கலாம்: டேங்கின் அடி வால்விலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள், நடுவே ஒரு கோடு தெரிந்தால் கீழே இருப்பது தண்ணீர். தெளிந்த டீசல் வரும்வரை வடியுங்கள். டேங்கை இரவில் காலியாக விடாமல் நிரப்பி வைத்தால் வியர்வை குறையும். டேங்க் வறண்டு பம்ப் காற்றை இழுத்தாலும் ஆபத்துதான், அந்தப் பம்பின் பல்சக்கரங்களுக்கு டீசலே எண்ணெய், அது இல்லாமல் ஓடினால் தேய்ந்துவிடும்.

அடுத்து காற்று. இதை யாரும் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிய சுமார் 10 கன மீட்டர் காற்று வேண்டும், நடைமுறையில் 12 கொடுக்க வேண்டும். மணிக்கு 4 லிட்டர் என்றால், நான்கு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையின் காற்று முழுவதையும் ஓவன் ஒரு மணி நேரத்தில் குடித்துவிடும். மழைச்சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட்டால், அந்த ஃபேன் பர்னரிடமிருந்தே காற்றைப் பிடுங்கும், சில நேரம் சிம்னியிலிருந்து புகையைத் திரும்ப உள்ளே இழுக்கும். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாடை இல்லை, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இரவு வேலைப் பையன்கள் பல இடங்களில் மாவு மூட்டைமேல் அங்கேயே படுத்துத் தூங்குகிறார்கள், அதை நினைத்தால்தான் எனக்குப் பயம். காலையில் எல்லாருக்கும் ஒன்றாகத் தலைவலி, குமட்டல், வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் சரியாகிறது என்றால் தூக்கக் குறைவு என்று விடாதீர்கள். ஓவனை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, எல்லாரையும் வெளியே கூட்டி வாருங்கள். பன்னில் டீசல் வாடை அடித்தாலும் அதே எச்சரிக்கைதான், எரி அறைக்கும் சுடும் அறைக்கும் நடுவே உள்ள தகட்டில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கலாம்.

பர்னருக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடான டேம்பரைக் கண்ணால் பார்த்துத் திருப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கறுப்புப் புகை என்றால் காற்று குறைவு, அது தெரியும். ஆனால் காற்று அதிகமானால் புகையே தெரியாது, சூடு மட்டும் சிம்னி வழியாகப் போய்க்கொண்டிருக்கும். மெக்கானிக்கிடம் புகையை அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். சிம்னியில் கார்பன் டை ஆக்சைடு 12 சதவீதத்தை ஒட்டி, ஆக்சிஜன் 4, 5 சதவீதம், வடிதாளில் எடுத்த புகைக்கறையின் எண் 0 அல்லது 1 (கறை கூடக் கூட எண் ஏறும்), இதுதான் நல்ல எரிப்பு. ஒரு தெர்மாமீட்டரைச் சிம்னியில் நிரந்தரமாகவே மாட்டிவிடுவது இன்னும் நல்லது. உள்ளே குழாய்களில் கரி படியப் படிய சூடு பன்னுக்குப் போகாமல் மேலே போகும், எண் ஏறும். ஒவ்வொரு 22 டிகிரி ஏற்றத்துக்கும் ஒரு சதவீதம் எரிபொருள் வீண் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. கணக்குச் சொல்கிறது.

ஏதாவது பிடித்து எரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், டீசல் அதன் மேல் மிதந்து பரவும். மணல் வாளியும் தீயணைக்கும் பவுடர் சிலிண்டரும் பர்னர் பக்கத்தில் இல்லாமல் வாசல் பக்கத்தில் இருக்கட்டும், நெருப்பைத் தாண்டிப் போய் எடுக்க முடியாது. டீசல் துடைத்த துணியை ஓவன் மேலேயே காயப்போடும் பழக்கமும் போகட்டும்.

முத்தியால்பேட்டைத் தம்பி இப்போது அங்கே சீனியர். போன வாரம் விடியற்காலை நாலு மணிக்குப் போன். "அண்ணே, ஒரு தடவைதான் அழுத்தினேன். காத்து வருது, பொறி சத்தம் கேக்குது, டக்குனு வால்வு சத்தம் மட்டும் வரல. மெயின் ஆஃப் பண்ணிட்டேன்." சோலினாய்டு வால்வின் கம்பிச்சுருள் (coil) ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன், ஐந்தரைக்கு டிராலி உள்ளே போய்விட்டது.