படைவீரர்களைப் பொறியாளர்களாக்கிய ஜி.ஐ. பில்: யாருக்கு, எவ்வளவு, எதுவரை

இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பி, பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அமெரிக்கர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் அடிக்கடி ஒரு வரி வரும்: ‘ஜி.ஐ. பில்லில் படித்தார்.’ அது என்ன ஏற்பாடு?

‘ஜி.ஐ.’ என்றால் அமெரிக்கப் பேச்சில் படைவீரர், ‘பில்’ என்றால் சட்டம். போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்குப் படிப்பு, வேலையில்லாக் காலம், கடன் ஆகியவற்றில் உதவ, 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் அது. போர் முடிந்ததும் ஒன்றரைக் கோடிப் பேர் ஒரேயடியாக வேலை தேடி வந்தால் என்ன செய்வது என்ற பயம் அரசுக்கு இருந்தது. 1932-ல் போனஸ் கேட்டு வாஷிங்டனில் கூடாரம் போட்ட முதல் உலகப் போர் வீரர்களை ராணுவத்தை ஏவி விரட்டிய அவமானமும் ஆறவில்லை.

இந்த உதவி பெற, குறைந்தது 90 நாள் சேவை செய்து, ஒழுங்கு நடவடிக்கையால் அவமதிப்புடன் வெளியேற்றப்படாதவராக இருந்தால் போதும். பணியில் ஏற்பட்ட காயத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு அந்த 90 நாள்கூடத் தேவையில்லை. படிப்புக்காலக் கணக்கு எளிது: அடிப்படையாக 12 மாதம், அதோடு சேவை செய்த மாதங்கள், உச்சவரம்பு 48. இருபத்தாறு மாதம் படையில் இருந்தவருக்கு 38 மாதம் கிடைக்கும். ஒரு கல்வியாண்டு சுமார் ஒன்பது மாதம்தானே. நான்காண்டு பொறியியல் படிப்பு அதிலேயே முடிந்துவிடும்.

கட்டணத்துக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை அரசு நேராகக் கல்லூரிக்கே கொடுத்தது. அப்போது ஹார்வர்டிலேயே ஆண்டுக் கட்டணம் 400 டாலர்தான். புத்தகம், வரைகருவிகள், பொறியியல் மாணவரின் கையை விட்டு அகலாத ஸ்லைடு ரூல் (கணக்குப் போட உதவும் நகரும் அளவுகோல்) போன்ற பாடச் சாமான்களும் அந்த 500-க்குள் அடக்கம். கைச்செலவுக்குத் தனியாளுக்கு மாதம் 50 டாலர், குடும்பஸ்தருக்கு 75. பிறகு இது கூடியது.

‘படித்த நாடோடிகள்’ பெருகுவார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் எச்சரித்தார். நடந்தது வேறு. 1947-ல் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். 1956-ல் திட்டம் முடியும்போது 78 லட்சம் பேர் பயன் பெற்றிருந்தார்கள். அதில் கல்லூரிக்குப் போனவர்கள் 22 லட்சம். மற்றவர்கள் தொழிற்பள்ளி, பட்டறை, பண்ணைப் பயிற்சி என்று போனார்கள்.

வேலை கிடைக்காதவருக்கு வாரம் 20 டாலர், அதிகபட்சம் 52 வாரம். வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் மட்டும் தந்தது. கடன் தருவது வங்கியின் கையில். சட்டத்தில் நிறபேதம் எழுதப்படவில்லை, ஆனால் நடைமுறை உள்ளூர் ஆட்களிடம் போனதும் கறுப்பின வீரர்கள் ஒதுக்கப்பட்டார்கள். 1947-ல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் எடுத்த கணக்கில் 3,229 உத்தரவாதக் கடன்களில் அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டே. என்னைக் கேட்டால், சட்டத்தின் பெருமை பேசும் எவரும் 3,229-ல் இரண்டு என்ற இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, இப்போது? 2009 ஆகஸ்ட் முதல் புதிய வடிவம் நடைமுறையில் இருக்கிறது. 2001 செப்டம்பர் 10-க்குப் பிறகு மொத்தம் 36 மாதம் சேவை செய்தவருக்கு, சொந்த மாநில அரசுக் கல்லூரியில் முழுக் கட்டணம், வீட்டு வாடகைப்படி, புத்தகப் பணம் உண்டு. பொதுவாக 36 மாதப் படிப்பு வரை. 2013 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ படையிலிருந்து விடுபட்டவருக்குக் காலக்கெடு கிடையாது. மனைவி, பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுக்கலாம்தான். ஆனால் படையில் இருக்கும்போதே, கூடுதல் சேவைக்கு ஒப்புக்கொண்டு, அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓய்வு பெற்று வந்த பிறகு கேட்டால் நடக்காது.