கன்று வாங்கப் போனால் அடியைப் பாருங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் புதிதாக மனை போடுகிறவர்களும் தொழிற்சாலை கட்டுகிறவர்களும் இப்போது கன்றாக வாங்குவதில்லை, மரமாகவே வாங்குகிறார்கள். பத்தடி உயரத்தில், தலை நிறைய இலையோடு லாரியில் வந்து இறங்குகிறது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். மரம் பிழைக்குமா என்பது கீழே, பைக்குள் இருக்கிறது.

வேரின் நுனி உயிரோடு இருக்கும்வரை பக்கவேர்களை அவ்வளவாக விடாது. தான் மட்டும் நீண்டுகொண்டே போகும். வழவழப்பான பாலித்தீன் பையின் சுவரில் முட்டியதும் திரும்பி, சுவரை ஒட்டியே சுற்றத் தொடங்கும். பையிலேயே நாள்பட்ட புங்கன் கன்றின் கவரைக் கிழித்துப் பார்த்தால் தெரியும்: அடியில் வேர் சும்மாடு மாதிரி சுருண்டு கிடக்கும். மண்ணில் நட்டுவிட்டால் அது தானாகப் பிரிந்துவிடும் என்று நினைக்கிறோம். பிரியாது. வேரும் கட்டைதானே, வளைந்த வாக்கிலேயே பருக்கும். சில வருடங்கள் மரம் ஜோராக வளரும். அப்புறம் சுற்றிய வேர் அடித்தண்டையே இறுக்கும், அல்லது பலத்த காற்றில் மரம் அப்படியே சாயும்.

இன்னொரு தொல்லை, பை ஒரே இடத்தில் கிடப்பது. ஆணிவேர் அடித்துளை வழியாக நர்சரித் தரைக்குள் இறங்கிவிடும். விற்கும் அன்று தூக்கினால் வேர் அறுந்து, நாலு நாளில் இலை தொங்கிவிடும். நல்ல நர்சரிக்காரர் பைகளை அவ்வப்போது இடம் மாற்றி வைப்பது இதற்காகத்தான். தரையிலிருந்து உயர்த்தி வைத்த, அடி திறந்த ரூட் டிரெய்னர் குப்பிகளில் வேலை இன்னும் சுலபம். கீழே எட்டிப் பார்க்கும் வேர்நுனி காற்றுப் பட்டுக் காய்ந்துபோகும். நுனி போனதும் அதன் அதிகாரமும் போய், மேலேயிருந்து பக்கவேர்கள் கிளைக்கும். அந்தச் சின்ன வேர்கள்தான் நட்ட இடத்தில் தண்ணீர் தேடிப் போகின்றன.

சரி, வெளியூர் மரத்துக்கு என்ன குறை? ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஏராளமான மரங்கள் வருகின்றன. வளர்ப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோதாவரிப் படுகையின் நைசான வண்டலைச் சரளை கலந்த நம் செம்மண் குழியில் வைக்கும்போது இரண்டு மண்ணும் சேர்வதில்லை. நைசான மண் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அது நன்றாக ஊறி நிறையும்வரை பக்கத்துச் செம்மண்ணுக்குச் சொட்டு இறங்காது. வேர் ஈரம் இருக்கும் பக்கமே நின்றுவிடும். வேரோடு வந்த மண்கட்டியின் ஓரத்தைக் கொத்திவிட்டு, குழியில் எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மூடினால் ஓரளவு சரியாகும்.

அதற்காகப் பக்கத்து ஊரில் வாங்கினாலே உள்ளூர் மரம் ஆகிவிடாது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தருமபுரி ஏறக்குறைய அதில் பாதி. ஓசூர்க் குளிர்ச்சியில் நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றின் இலை அகலமாக, மெல்லியதாக இருக்கும். மேலே மெழுகுப் பூச்சும் குறைவு. அதைச் சித்திரை வெயிலில் தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்தில் நட்டால் இலை கருகும். முதிர்ந்த இலை வெயிலுக்கு ஏற்ப மாறாது. செடி அதை உதிர்த்து, சிறிய, தடித்த இலைகளைப் புதிதாக விட வேண்டும். அதற்குள் சேமித்த மாவுச்சத்து தீர்ந்தால் கதை முடிந்தது. வலையிலிருந்து படிப்படியாக வெயிலுக்கு மாற்றி, தண்ணீரையும் சற்றுக் குறைத்துச் சில வாரம் பழக்கிய கன்றா என்று கேட்டு வாங்குங்கள்.

நிலத்தில் வளர்ந்த பெரிய மரத்தைத் தோண்டி எடுத்தால் வேரின் பெரும்பகுதி பழைய குழியிலேயே தங்கிவிடும். மேலே இலை அத்தனையும் இருக்க, தண்ணீர் கொடுக்க வேர் இல்லை. இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், உணவுத் தயாரிப்பு குறையும். அது தேறி எழுவதற்குள், பக்கத்தில் நட்ட நாலடி வேம்பு அதைப் பிடித்துவிடுவதும் உண்டு. என்னைக் கேட்டால் நாலடிக் கன்றே போதும்.

எங்கள் பக்கம் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். அதற்குச் சற்று முன்னால் நட்டால் வேர் பிடிக்க ஈரம் கிடைக்கும். முட்டுக்கொடுக்கும் கயிறு தளர்வாக இருக்கட்டும். தண்டு காற்றில் ஆட ஆடத்தான் பருக்கும். ஒரு வருடத்துக்குள் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் பட்டைக்குள் புதைந்துவிடும்.