வுமனைசர்: பெண்பித்தனா, பரத்தனா?

‘வுமனைசர்’ (womanizer) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டால் நம் வாயில் முதலில் வருவது பெண்பித்தன். அகராதிக்கு அது போதும். ஆனால் 1966இல் வந்த ‘ஆல்ஃபி’ என்ற பிரிட்டிஷ் படத்தின் நாயகனை அப்படிச் சொன்னால் ஏதோ இடிக்கிறது. பித்துப் பிடித்தவனுக்குக் கணக்குப் பார்க்க வராது. மைக்கேல் கெய்ன் நடித்த ஆல்ஃபியோ படம் முழுக்கக் கணக்குப் பார்ப்பவன். பக்கத்தில் பெண் இருக்கும்போதே கேமரா பக்கம் திரும்பி, கிழக்கு லண்டன் கொச்சையில் நம்மிடம் அவளைப் பற்றிப் பேசுவான். பேச்சில் அவள் ‘அவள்’கூட இல்லை, ‘அது’. தன் பிள்ளையைப் பெற்ற கில்டாவையும் கல்யாணம் செய்துகொள்ள மாட்டான். அவளை மணப்பது ஹம்ப்ரி என்ற பஸ் கண்டக்டர்.

ஆங்கிலச் சொல்லின் கதை வேடிக்கையானது. ‘வுமனைஸ்’ என்ற வினை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தபோது அதற்கு ஆணைப் பெண்தன்மை உடையவனாக்குவது என்றுதான் பொருள். பெண்கள் பின்னால் அலைவது என்ற பொருள் ஏறியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். அதற்காகப் ‘பெண்வழிச் செல்பவன்’ என்று எழுதிவிடாதீர்கள். குறளில் பெண்வழிச்சேறல் என்பது மனைவி சொல்லுக்கு அடங்கி நடப்பது. ஆல்ஃபிக்கும் அதற்கும் வெகுதூரம்.

சரி, வேறு என்ன இருக்கிறது? ஸ்திரீலோலன் பழைய நாவல் வாசனை அடிக்கிறது. காமுகனில் உடல் வேட்கை மட்டும்தான் தெரிகிறது. ரோமியோ சுத்தமாகப் பொருந்தாது. அந்தப் பையன் ஒருத்திக்காக உயிரையே விட்டவன்!

எனக்குப் பிடித்தது பரத்தன். திருக்குறளில் காதலர் ஊடலைச் சொல்லும் ‘புலவி நுணுக்கம்’ அதிகாரத்தின் முதல் குறள் (1311) இது:

பெண்ணியலார் எல்லாரும் கண்ணின் பொதுஉண்பர்
நண்ணேன் பரத்தநின் மார்பு.

பெண்கள் எல்லாரும் உன்னைப் பொதுச்சொத்தாகக் கண்ணால் உண்கிறார்கள், உன் மார்பை நான் நெருங்க மாட்டேன் என்கிறாள் தலைவி. ஊரார் பார்த்ததற்கே அவனுக்கு இந்தப் பட்டம். பலருக்கும் பொதுவாகிப்போனவன், ஒருத்திக்கும் உரியவனாக நிற்காதவன் என்ற பொருள் இந்தச் சொல்லில் இருக்கிறது. ஆல்ஃபியின் குணமும் அதுதான். பரத்தை இன்றும் வசையாக உயிரோடு இருக்க, பரத்தனை மட்டும் நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

பேச்சுவழக்கில் இருப்பது பொம்பளப் பொறுக்கி. பொறுக்குவது என்றால் கிடைத்ததை எடுத்துக்கொள்வது. ஆல்ஃபி நோயாளியாகத் தங்கும் சானடோரியத்தில் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி லில்லி. அவளையும் ஆல்ஃபி விடவில்லை. அவள் கர்ப்பமாகிறாள், அவனுடைய அறையிலேயே சட்டவிரோதமாகக் கருவைக் கலைக்கிறார்கள். பிரிட்டனில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது அடுத்த வருஷம், 1967இல்தான்.

இந்தப் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் போடுபவர் பாத்திரங்களின் வாயில் ‘பொறுக்கி’யை வைக்கலாம். விமர்சனம் எழுதுபவருக்குப் பரத்தன்.