உள்ளூர் பில் இருந்தால் மட்டும் உள்ளூர்ச் சரக்கு ஆகிவிடாது

"மலேசியாவுக்கு, தாய்லாந்துக்கு அனுப்பினால் வரிச்சலுகை உண்டாமே?" என்று கேட்டு வரும் சிறு தொழில்காரர்களிடம் நான் முதலில் கேட்பது காஸ்டிங் ஷீட்டைத்தான், அதாவது பொருளுக்குள் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவு என்ற கணக்குத்தாளை. சுங்கத் தரகு வேலையில் இருப்பவன் இதை ஏன் கேட்கிறான் என்று பலரும் முழிப்பார்கள்.

இந்தியாவும், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் அப்போது இருந்த பத்து நாடுகளும் 2009 ஆகஸ்டில் பாங்காக்கில் கையெழுத்திட்ட சரக்கு வணிக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. சலுகை நம் கைக்கு நேராக வராது, அங்கே இறக்குமதி செய்பவர் கட்டும் வரியில்தான் குறையும். ஆனால் அந்தக் குறைவை நம்பித்தான் அவர் நம்மிடம் விலை பேசுகிறார். எல்லாப் பொருளுக்கும் சலுகை இருக்காது, விலக்குப் பட்டியல் என்று ஒன்று உண்டு, அதனால் ஹெச்எஸ் எண்ணை (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) வைத்து அந்த நாட்டின் பட்டியலைப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

சரி, காஸ்டிங் ஷீட் எதற்கு? வெளிநாட்டுப் பாகங்கள் கலந்த பொருளை இந்தியப் பொருள் என்று காட்ட, எஃப்ஓபி விலையில் (சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) குறைந்தது 35 சதவீதம் இந்தியாவிலோ ஆசியானிலோ சேர்ந்த மதிப்பாக இருக்கவேண்டும். கூடவே, வெளியிலிருந்து வந்த பாகத்தின் ஆறு இலக்க ஹெச்எஸ் எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் வேறாக இருக்கவேண்டும். இரண்டும் வேண்டும், ஒன்று போதாது. முழு பம்ப்பையே வெளியிலிருந்து வரவழைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, அட்டைப்பெட்டி மாற்றி அனுப்பினால் எண்ணும் மாறாது, அதை உற்பத்தி என்றும் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

கோயம்புத்தூரில் ஒருவர் மோனோபிளாக் பம்ப் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எஃப்ஓபி விலை 10,000 ரூபாய். அதில் சீனாவிலிருந்து வந்த பேரிங், சீல் முதலான பாகங்கள் 4,000. மிச்சம் 60 சதவீதம், தாராளமாகத் தேறும் என்று நினைப்பார். ஆனால் இன்னொரு 3,000 ரூபாய்க்கான மோட்டாருக்கான காயில் கம்பியும் ஸ்டாம்பிங் தகடும் உள்ளூர் டிரேடரிடம் வாங்கியது, ஜிஎஸ்டி பில் இருக்கிறது, அது எந்த நாட்டில் செய்தது என்பதற்கு மட்டும் ஒரு காகிதமும் இல்லை. எங்கே செய்தது என்று காட்டமுடியாத பொருளை வெளிநாட்டுக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். இப்போது 7,000 போய் மிச்சம் 30 சதவீதம், சலுகை போச்சு. கம்பி உண்மையிலேயே இந்தியாவில் செய்ததாக இருக்கலாம், ஆனாலும் காகிதம் இல்லாவிட்டால் கணக்கில் வராது. முடிந்தவரை தயாரிப்பாளரிடமே வாங்குங்கள், இல்லையென்றால் எங்கே செய்தது என்று எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வந்த பிறகு இதைக் கேட்டால் டிரேடர் போனை எடுக்கமாட்டார்.

இன்னொரு குழப்பம், வணிகச் சங்கமான சேம்பரில் வாங்கும் சாதாரண சர்டிபிகேட் ஆஃப் ஒரிஜின். அது சரக்கு எந்த நாட்டுடையது என்று சொல்லும், அவ்வளவுதான், வரியைக் குறைக்காது. ஆசியானுக்கு ஃபார்ம் ஏஐ என்ற சலுகைச் சான்றிதழ் வேண்டும், வெளிநாட்டு வணிக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் இணையதளத்தில் விண்ணப்பிக்கவேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கன்டெய்னர் கொழும்பில் கப்பல் மாறிப் போவது சகஜம், ஆனால் இலங்கை இந்த ஒப்பந்தத்தில் இல்லை. கப்பல் மாறுவதில் தப்பில்லை, சரக்கு அங்கே சந்தைக்குள் போகாமல், இறக்கி ஏற்றுவதைத் தவிர யாரும் கை வைக்காமல் போயிருக்கவேண்டும். அதைக் காட்ட இந்தியாவில் கொடுத்த த்ரூ பில் ஆஃப் லேடிங் (சேரும் நாடுவரை முழுப் பயணத்துக்குமான ஒரே சரக்கு ரசீது) தேவைப்படும். கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டரிடம் புக்கிங்கின்போதே சொல்லிவிடுங்கள்.

ஆசியான் நாடுகளிலிருந்து சலுகை வரியில் மூலப்பொருள் வரவழைப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். 2020 செப்டம்பர் 21 முதல், சப்ளையர் அனுப்பிய சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது. பொருள் எப்படி அந்த நாட்டுடையதாகத் தேறியது என்ற விவரம் இறக்குமதியாளர் கையிலேயே இருக்கவேண்டும், அதை ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். ரகசியம் என்று சப்ளையர் விலைக்கணக்கைத் தர மறுப்பார், அதனால் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒரு நிபந்தனையாகப் போட்டுவிடுங்கள்.

ஃபார்ம் ஏஐ வாங்காமலே சரக்கு கப்பல் ஏறிவிட்டதா? கப்பல் ஏறிய தேதியிலிருந்து 12 மாதத்துக்குள், பின்னர் வழங்கப்பட்டது என்ற குறிப்போடு வாங்க வழி இருக்கிறது. அந்தச் சான்றிதழுக்கும் கேட்பது அதே காஸ்டிங் ஷீட்டைத்தான்.