டார்ச் எதை நினைவில் வைத்திருக்க வேண்டும்?

நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்து, தலைமாட்டில் இருந்த டார்ச்சை அமுக்கினேன். அறை முழுவதும் பட்டப்பகலாக வெளுத்தது. கண்ணை மூடிக்கொண்டும் வெள்ளை வட்டம் மறையவில்லை. முந்தைய மாலை தொலைவில் எதையோ பார்ப்பதற்காக அதை உச்ச வெளிச்சத்தில் வைத்து, அப்படியே அணைத்திருந்தேன். கடைசியாக எந்த அளவில் எரிந்ததோ அதே அளவில் மீண்டும் எரிவதுதான் அந்த டார்ச்சுக்குச் சொல்லப்பட்ட வேலை. அதைத் தவறாமல் செய்தது. இருளுக்கு முழுவதும் பழக நம் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். அந்தப் பழக்கம் ஒரே அமுக்கில் கலைந்துபோனது. அன்றிலிருந்து டார்ச்சின் நினைவாற்றல் எனக்கு அக்கறைக்குரிய விஷயமாகிவிட்டது.

பழைய குமிழ் டார்ச்சுக்கு நினைவு தேவைப்படவில்லை. எரியும், அல்லது அணையும். எல்.இ.டி. வந்த பிறகு டார்ச்சுக்குள் குட்டிக் கணினி போன்ற ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சில்லும் குடியேறியது. ஒரே விளக்கு நான்கைந்து அளவுகளில் எரியத் தொடங்கியது. வெளிச்சம் இரட்டிப்பானால் கண்ணுக்கு அது இரட்டிப்பாகத் தெரிவதில்லை. எனவே அளவுகளைக் கூட்டிக்கொண்டு போனால் போதாது, பெருக்கிக்கொண்டு போக வேண்டும்: ஒளியை அளக்கும் அலகான லூமெனில் 1, 10, 100, 1000 என்பதுபோல. கீழ்ப்படிக்கும் மேற்படிக்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம். எந்தப் படியில் விழித்தெழுவது என்ற கேள்வி இதனால்தான் இவ்வளவு பெரிதாகிறது.

பின்புறத்தில் 'கிளிக்' என்று ஒலிக்கும் சுவிட்ச் கொண்ட டார்ச்சில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த சுவிட்ச் பேட்டரியின் இணைப்பையே துண்டித்துவிடும். டார்ச் அணையும்போது உள்ளே இருக்கும் சில்லும் மின்சாரம் இன்றி நின்றுபோகும். அடுத்த முறை விழிக்கும்போது, தான் முன்பு என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

விடை, ஈஈபிராம் எனப்படும் நிலைநினைவகத்தில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு நினைவுப் புள்ளியிலும் ஒரு டிரான்சிஸ்டர். அதற்குள் நாற்புறமும் காப்புப் படலத்தால் மூடப்பட்ட ஒரு சிறு தீவு. மின்னழுத்தத்தைப் போதிய அளவு உயர்த்தினால் எலக்ட்ரான்கள் அந்தப் படலத்தை ஊடுருவித் தீவுக்குள் போய்விடும். அழுத்தத்தை எடுத்த பிறகு வெளியேற வழியில்லாமல் பல்லாண்டுகள் அங்கேயே தங்கிவிடும். 'மிதக்கும் வாயில்' எனப்படும் இந்த அமைப்பை 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் ஸே இருவரும் முன்வைத்தார்கள். பென் டிரைவும் கைப்பேசியின் சேமிப்பகமும் கிளைத்தது அந்த யோசனையிலிருந்துதான்.

ஆனால் எலக்ட்ரான்கள் உள்ளே நுழைந்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் காப்புப் படலம் கொஞ்சம் தேய்கிறது. டார்ச்சுகளில் வெகுகாலம் பயன்பட்ட ஏடிடைனி13 என்ற சில்லில் மொத்தம் 64 பைட் நிலைநினைவகம்தான் இருக்கிறது. ஒரே இடத்தில் 1,00,000 முறை எழுதலாம் என்பது தயாரிப்பாளர் தரும் உறுதி. நாளுக்கு 50 முறை அளவை மாற்றுபவருக்கு அது ஐந்தரை ஆண்டுகளில் தீர்ந்துவிடும். நிரல் எழுதுபவர்கள் இதற்கு அழகான ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த பைட்டில் எழுது, பழையதை அழி. விழித்தெழும்போது வரிசையாகத் தேடி, காலியாக இல்லாத பைட் எதுவோ அதைப் படி. 64 இடங்களையும் இப்படிச் சுற்றி வந்தால் அதே கணக்கு சுமார் 350 ஆண்டுகளாக நீள்கிறது. டார்ச்சின் மற்ற உறுப்புகள் அதற்கு வெகு முன்பே ஓய்ந்துவிடும்.

எழுதுவது எப்போது என்பதும் முக்கியம். அளவு மாறிய அந்தக் கணத்திலேயே எழுதிவிட்டால், உச்சத்துக்குப் போகும் வழியில் கடந்து சென்ற படிகள் எல்லாம் பதிவாகும். அதனால் சில டார்ச்சுகள் இரண்டொரு விநாடி பொறுத்திருந்து, பயனர் அந்தப் படியில் நிலைத்த பிறகே எழுதுகின்றன. அவசரமாக ஏற்றி அணைத்த அளவை அவை மறந்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனிதான் வருகிறது. பின்பக்க சுவிட்சை லேசாகத் தட்டினால் அடுத்த அளவுக்கு மாற வேண்டும். முழுவதும் அணைத்து, பிறகு போட்டால் பழைய அளவில் எரிய வேண்டும். சில்லுக்கு இரண்டுமே மின்வெட்டுதான். ஒன்று குறுகியது, மற்றொன்று நீண்டது. மின்சாரமே இல்லாமல் நின்றுபோன சில்லு, எவ்வளவு நேரம் நின்றிருந்தோம் என்பதை எப்படி அளக்கும்?

ஒரு வழி, சிறிய மின்தேக்கி. எரியும்போது அதில் மின்னூட்டம் நிரம்பியிருக்கும். அணைந்ததும் மெல்லக் கசியும். விழித்தவுடன் சில்லு செய்யும் முதல் வேலை, அதில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. நிறைய இருந்தால் வெறும் தட்டல், வற்றியிருந்தால் உண்மையான ஓய்வு. இன்னொரு வழி இதைவிட நுட்பமானது: தனி மின்தேக்கிகூட வேண்டாம். சில்லின் தற்காலிக நினைவகம் மின்சாரம் நின்ற அதே கணத்தில் அழிந்துவிடுவதில்லை, சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். தெரிந்த சில எண்களை அங்கே எழுதி வைத்து, விழித்ததும் அவை சிதையாமல் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். மறதியையே கடிகாரமாக்கிவிட்ட இந்த யோசனையை முதன்முறை புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி பொங்கியது. குறையும் உண்டு. டார்ச் சூடாக இருந்தால் கசிவு வேகமாகும். தட்டலை ஓய்வு என்று எண்ணிவிடக்கூடும். டார்ச் கீழே விழும் அதிர்ச்சியில் பேட்டரி ஒரு கணம் விலகினால், அதையும் தட்டல் என்று எண்ணி அளவை மாற்றிவிடும்.

பக்கவாட்டில் மென்மையான பொத்தான் வைத்த டார்ச்சில் இந்தப் பாடு இல்லை. அங்கே சில்லு அணைவதே இல்லை, உறங்கும். உறக்கத்தில் அது 20 மைக்ரோஆம்பியர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3000 மில்லியாம்பியர்-மணி பேட்டரியை அந்த உறக்கம் மட்டுமே தீர்க்க 17 ஆண்டுகள் ஆகும்.

நினைவில் வைக்க வழி இருக்கிறது. எதை வைக்க வேண்டும் என்பதில்தான் ஆட்கள் பிரிகிறார்கள். வெகுநேரம் இருட்டில் இருப்பவர், எப்போதும் குறைந்த ஒளியில் தொடங்கட்டும் என்கிறார். வெளியே ஏதோ சத்தம் கேட்டுப் பதறி எழுபவருக்கு முதல் அமுக்கிலேயே உச்சம் வேண்டும். நாள் முழுக்க இயந்திரத்துக்குள் தலையை நுழைத்து வேலை பார்ப்பவருக்கோ கடைசி அளவே சரியான அளவு. மூவர் சொல்வதும் நியாயம்தான். ஏனென்றால் மூவரும் டார்ச்சை எடுக்கும் தருணம் வேறு.

இதில் கவனிக்க வேண்டியது இடைவெளி. ஐந்து நிமிடத்துக்கு முன் அணைத்தவர் மீண்டும் போட்டால் அநேகமாக அதே வேலையைத்தான் தொடர்கிறார். எட்டு மணி நேரம் கழித்துப் போட்டால் அது வேறு வேலை. டார்ச் ஆர்வலர்களிடையே பரவலாகப் பயன்படும் அண்டுரில் என்ற திறந்த நிரலில் இதற்கென்றே ஒரு கலப்பு நினைவு இருக்கிறது. பயனர் குறித்த நிமிடங்களுக்குள் மீண்டும் போட்டால் கடைசி அளவு. அதைத் தாண்டினால் அவர் முன்கூட்டியே தேர்ந்து வைத்த அளவு. அதோடு, அணைந்த நிலையில் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் மிகக் குறைந்த ஒளி, இருமுறை தட்டினால் பேரொளி. இந்தக் குறுக்குவழிகள் இருக்கும்போது, நினைவு தவறினாலும் கை தடுமாறாது. எனக்கு இதுவே மிகச் சிறந்த தீர்வாகத் தோன்றுகிறது.

குடும்பத்தில் பலர் எடுக்கும் டார்ச்சுக்கு மட்டும் என் கருத்து வேறு. அதற்கு நினைவே வேண்டாம். யார் எடுத்தாலும் ஒரே நடுத்தர அளவில் எரியட்டும். முன்பின் பழகாதவர் கையில், எதிர்பாராத வெளிச்சமும் போதாத வெளிச்சமும் ஒரே அளவு தொல்லை. பேட்டரி வற்றிய நேரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டார்ச் உச்ச அளவையே நினைவில் வைத்திருந்தால், போட்டவுடன் மின்னழுத்தம் சரிந்து அணைந்துபோகக்கூடும். அதே பேட்டரியில் குறைந்த ஒளி இன்னும் பல மணி நேரம் எரியக்கூடும்.

உங்கள் டார்ச் எந்த வகை என்று அறிய இரண்டு நிமிடம் போதும். நடு அளவில் வைத்து ஐந்து விநாடி எரியவிடுங்கள். அணைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் போட்டுப் பாருங்கள். அதே அளவு வந்தால், மீண்டும் அணைத்து, இந்த முறை பேட்டரியைக் கழற்றி ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டு மாட்டுங்கள். இப்போதும் அதே அளவில் எரிந்தால் அந்த எண் நிலைநினைவகத்தில் பதிந்திருக்கிறது. மாறிவிட்டால், இதுவரை உறங்காமல் அதைப் பிடித்து வைத்திருந்தது பேட்டரியிலிருந்து கசிந்த அந்தச் சில மைக்ரோஆம்பியர் மின்சாரம்தான்.