பிளேட் வைத்த இடுப்புக்கு மூட்டு மாற்று: முதலமைச்சர் காப்பீட்டில் கிடைக்குமா?

இடுப்பு எலும்பு முறிந்து பிளேட், ஸ்க்ரூ வைத்தவர்களில் சிலருக்குச் சில வருடங்களில் மூட்டே கெட்டுப்போகிறது. தொடை எலும்பின் மேல்நுனியில் உள்ள பந்துமுனைக்கு ரத்த ஓட்டம் நின்று அது நசுங்கலாம். முறிந்த எலும்பு ஒன்றுசேராமல் ஸ்க்ரூ உடையலாம். "ஏற்கெனவே ஆபரேஷன் ஆன இடுப்பு, காப்பீட்டில் எடுக்க மாட்டாங்க" என்று சிலர் வலியோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. பழைய நோய்க்கு இத்தனை வருடம் காத்திரு என்று தனியார் பாலிசிகள் போடும் நிபந்தனை, தமிழக அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இல்லை.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். வரம்பு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய், அதுவும் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. வீட்டில் வேறு யாராவது அதே ஆண்டில் பெரிய சிகிச்சை எடுத்திருந்தால் மீதம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இந்த ஆபரேஷன் சாதாரண மூட்டு மாற்று போல அல்ல. பழைய பிளேட்டைக் கழற்ற வேண்டும், ரத்தம் கூடுதலாகப் போகும், புது மூட்டில் தொடை எலும்புக்குள் செருகும் தண்டு, ஸ்க்ரூ ஓட்டைகளைத் தாண்டிப் போகிற அளவு நீளமாகத் தேவைப்படலாம். உள்ளே சீழ் இருக்கிறதா என்று ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் மூட்டு நீரையும் எடுத்துப் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் முதலில் பிளேட்டை எடுத்து, அது ஆறிய பிறகே புது மூட்டு. அதாவது இரண்டு ஆபரேஷன்.

காப்பீட்டில் ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். ஆகவே பிளேட் எடுப்பதும் விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். எந்த மருத்துவமனைகள் திட்டத்தில் உள்ளன என்பதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்-ரே எதையும் விடாமல் கொண்டுபோங்கள். எந்தக் கம்பெனி ஸ்க்ரூ என்று தெரிந்தால்தான் அதற்குப் பொருந்தும் திருப்புளியைத் தயாராக வைக்க முடியும். காகிதம் தொலைந்திருந்தால், முதலில் ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் பழைய ஐ.பி. எண்ணையோ (உள்நோயாளி எண்) சேர்ந்த தேதியையோ சொல்லி நகல் கேளுங்கள்.