டோக்கியோவில் ஏது வட்டம்?

டோக்கியோவைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் '23 வட்டங்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். சோம்பல் கூடினால் '23 வார்டுகள்'. மூலச்சொல் 'கு'. சீன எழுத்தோடு ஜப்பானுக்குப் போனது. பிரித்த பகுதி என்று பொருள். அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் வட்டத்தில்தான். நமக்கு வட்டம் என்றால் தாலுகா. கட்சிக்காரர்களுக்கு வட்டச் செயலாளர், கவுன்சிலர். டோக்கியோவின் கு இரண்டிலும் சேராது. செதகாயா கு-வில் மட்டும் 9 லட்சத்துக்கு மேல் மக்கள். தேர்தலில் வென்ற மேயர், தனி மன்றம் எல்லாம் உண்டு. டோக்கியோ மாநகராட்சியை 1943லேயே கலைத்து மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். மாநகராட்சியே இல்லாத இடத்தில் எதனுடைய வார்டு?

1932இல் சுற்றியிருந்த 82 ஊர்களைச் சேர்த்தபோது 35 கு ஆனது. 1947 மார்ச்சில் அது 22; ஆகஸ்டில் இதாபாஷியிலிருந்து நெரிமா பிரிந்து 23. அந்த மார்ச்சில்தான் ஓமோரியும் காமாதாவும் ஒன்றாயின. முன்னதன் முதல் எழுத்தும் பின்னதன் கடைசி எழுத்தும் சேர்ந்து 'ஓதா' என்று பெயர். இதை 'வட்டங்கள் குறைக்கப்பட்டன' என்று எழுதினால், ஏதோ தேர்தலுக்கு முன் வார்டு மறுவரையறை நடந்ததுபோல் இருக்கிறது.

இந்த ஓதாவும் பக்கத்து கோதோவும் கடலில் குப்பை கொட்டி உருவாக்கிய நிலத்துக்குப் பல ஆண்டுகள் மல்லுக்கட்டின. எங்கள் மீனவர்கள் கடற்பாசி வளர்த்த இடம் என்றது ஓதா. குப்பை லாரிகளின் நாற்றத்தைச் சகித்தது நாங்கள் என்றது கோதோ. (இரண்டுமே நியாயம்தான்!) வழக்கு நீதிமன்றம் போய், 2019 தீர்ப்பில் கோதோவுக்கு 79.3 சதவீதம், ஓதாவுக்கு மீதி. நம் ஊர் வார்டு ஒன்று இன்னொரு வார்டின் மேல் வழக்குப் போடுமா?

தூய தமிழ் அன்பர்கள் சிலருக்குக் 'கூற்றம்' பிடிக்கும். புறநானூற்று உரையில் மிழலைக் கூற்றம் வருகிறது, கூறு போட்ட நிலம் என்ற பொருளும் பொருந்துகிறது, சரி. ஆனால் இன்றைய வாசகனுக்குக் கூற்றம் எமன். டோக்கியோவில் 23 எமன்களா? பழஞ்சொல்லைத் தூசி தட்டி எடுத்தால் மட்டும் கலைச்சொல் ஆகிவிடாது.

அதன் வேரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: நகர்க்கூறு. டோக்கியோவின் 23க்குச் சட்டம் தரும் பெயர் 'தொகுபெத்சு கு', அதாவது ஸ்பெஷல் கு. அதைத் 'தனி நகர்க்கூறு' என்போம். தனி வட்டாட்சியர், தனி அலுவலர் என்று நம் அலுவலக வழக்கில் இருக்கும் அதே 'தனி'. 'சிறப்பு' என்றால் ஏதோ பாராட்டுப் பத்திரம் மாதிரி ஒலிக்கிறது.

இந்தத் 'தனி' ஒசாகா செய்திகளில் கட்டாயம் வேண்டும். அங்குள்ள 24 கு மாநகராட்சியின் கிளைகள்தான். மேயர் தேர்தல் கிடையாது. மாநகராட்சியைக் கலைத்து, டோக்கியோ மாதிரி ஆக்கலாமா என்று 2015இலும் 2020இலும் மக்களிடம் கேட்டார்கள். இரண்டு முறையும் வேண்டாம் என்றார்கள். 2020 முடிவை '24 வட்டங்களை 4 வட்டங்களாக்கும் திட்டம் தோல்வி' என்று மொழிபெயர்த்தால், மக்கள் எதை மறுத்தார்கள் என்றே தெரியாது. '24 நகர்க்கூறுகளுக்குப் பதில் 4 தனி நகர்க்கூறுகள்' என்றால் தெரியும்.